பெட்டியைப் பிரிங்க சார்!

பொம்மைக் கார்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கும் பெரியவர்களே, இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

பெரியவர்கள் என்றதும் தாத்தாக்களைத் தேடாதீர்கள். நான் சொல்வது நாற்பதைத் தாண்டிய, வீட்டுக் கடன் கட்டுகிற, மூணு மாசத்துக்கு ஒருதரம் சுகர் டெஸ்ட் கொடுக்கிற என் வயசு ஆசாமிகளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சூப்பர் மார்க்கெட் ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து உள்ளே நுழைகிறார்கள். காய்கறி வாங்கவா? இல்லை. பொம்மை செக்‌ஷனில் இன்றைக்குப் புதுப் பெட்டி பிரிக்கிறார்களாம். கடைப் பையன் முந்தின நாள் ராத்திரியே மெசேஜ் அனுப்பிவிட்டான். பத்து நிமிஷத்தில் கம்பியில் தொங்கின கார்களில் உருப்படியானது எல்லாம் கூடைக்குப் போய்விடும். பதினோரு மணிக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆறு வயசுப் பையன் வருவான். அவனுக்கு மிச்சம் இருப்பது, யாரும் சீந்தாத கலரில் நாலு வண்டி.

அந்தக் கூடையில் போன கார்களுக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள். ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்னையே. அட்டை மடங்காமல், பிளாஸ்டிக் கூடு கீறாமல், மேலே இன்னொரு பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரிக்குப் போகும். சக்கரம் ஒரு தடவைகூடத் தரையைத் தொடாது. பெட்டியைப் பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம்.

'என் காசு, என் ஆசை, உனக்கென்ன?' என்கிறீர்களா? நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் பூட்டி வைத்திருக்கிற பொருளின் பூர்வ கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

*

1947-ல் லண்டனில் ஸ்மித் என்று பெயர் கொண்ட இரண்டு பேர் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித். சொந்தக்காரர்கள் இல்லை, நண்பர்கள். லெஸ்லியில் பாதி, ராட்னியில் பாதி சேர்த்து 'லெஸ்னி' என்று பெயர் வைத்தார்கள். மூடிக்கிடந்த ஒரு மதுக்கடைதான் ஃபேக்டரி. உருக்கின உலோகத்தை அச்சுக்குள் அழுத்தி, தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பது வேலை. வருஷக் கடைசியில் ஆர்டர் குறையும். மெஷினைச் சும்மா போட்டு வைக்காமல் பொம்மை செய்து பார்த்தார்கள். 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்குக் குட்டியாக ஒரு குதிரை ரதம் செய்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடல் என்கிற எஞ்சினியருக்கு ஒரு சின்னப் பெண். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம்: தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் வகுப்புக்குக் கொண்டுவரலாம். அப்பா என்ன செய்தார்? பித்தளையில் தீப்பெட்டிக்குள் நுழைகிற சைஸுக்கு ஒரு ரோடு ரோலர் செய்து மகள் கையில் கொடுத்தார். அவளோடு படித்த பிள்ளைகள் எல்லாம் எனக்கு, எனக்கு என்றார்கள். 1953-லேயே 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் சந்தைக்கு வந்தன, தீப்பெட்டி மாதிரியே இழுத்துத் திறக்கிற அட்டைப் பெட்டியோடு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீங்கள் இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏலத்தில் எடுக்கிறீர்களே அந்தப் பெட்டி, அது ஒரு குழந்தையின் பையில் கிடந்து பள்ளிக்கூடம் போவதற்காகப் பிறந்தது. பையில் போட, எடுக்க, கடன் கொடுக்க, சண்டை போட, தொலைக்க.

அடுத்து ஹாட் வீல்ஸ். 1968-ல் அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி 16 கார்களோடு இறக்கியது. எலியட் ஹேண்ட்லர் என்கிற முதலாளிக்கு ஒரே பிடிவாதம்: மற்றவன் கார் எல்லாம் தள்ளினால் நாலடி போய் நின்றுவிடுகிறது, நம்ம கார் பறக்கணும். கார் கம்பெனியிலிருந்து டிசைனரைக் கூட்டி வந்தார். ஏவுகணை செய்கிற கம்பெனியில் வேலை பார்த்த எஞ்சினியர் ஏற்கெனவே அவரிடம் இருந்தார். மெல்லிய கம்பியில் அச்சு, உராய்வு குறைந்த பிளாஸ்டிக் பேரிங், ஓட்டிப் பார்க்க ஆரஞ்சு கலர் தண்டவாளம். இத்தனை மூளையும் செலவானது ஒரே ஒரு காரியத்துக்கு. ஓடணும்.

நீங்கள் அதை ஓட விடுவதில்லை.

உங்கள் உலகத்தில் ஒரு தெய்வ விக்கிரகம் உண்டு. 1969-ல் மாதிரிக்காகச் செய்த ஒரு பிங்க் கலர் வேன். 'பீச் பாம்' என்று பெயர். அதற்கு இன்றைக்கு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புச் சொல்கிறார்கள். ஏன் தெரியுமா? அலைச்சறுக்குப் பலகைகளைப் பின்பக்கம் சொருகி வைக்கிற மாதிரி அதைச் செய்தார்கள். உடம்பு ரொம்ப ஒல்லி. கார்களை உந்தித் தள்ளுகிற மெஷினுக்குள் விட்டால் பிடிமானம் இல்லை. சரியாக ஓடாததால் அந்த வடிவத்தைக் கைவிட்டு, பலகைகளைப் பக்கவாட்டில் வைத்து, உடம்பை அகலமாக்கிக் கடைக்கு அனுப்பினார்கள். நிராகரித்த மாதிரிகளில் தப்பிப் பிழைத்தது கொஞ்சம்தான்.

ஆக, உங்கள் சாம்ராஜ்யத்திலேயே உச்ச விலைக்காரர், ஓட்டத்தில் ஃபெயிலான கார். ஒரு பொழுதுபோக்கு தலைகீழாக நிற்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

*

'சார், இது இன்வெஸ்ட்மென்ட்' என்கிறார்கள். பி.காம். படித்தவனிடம் இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. உட்காருங்கள், கணக்குப் போடுவோம்.

ஒரு கார் 150 ரூபாய். மாசம் 20 கார். 3,000 ரூபாய். பத்து வருஷம் விலையே ஏறாது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். கையில் 2,400 கார். போட்ட பணம் 3 லட்சத்து 60 ஆயிரம். இதே 3,000 ரூபாயைப் பாங்கில் மாசாமாசம் ஆர்.டி.யில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால், பத்து வருஷக் கடைசியில் சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் வந்திருக்கும். அப்படியானால் நீங்கள் 2,400 காரையும், ஒன்றுவிடாமல், தலா 217 ரூபாய்க்கு விற்றால்தான் சும்மா உட்கார்ந்திருந்த பாங்க் வட்டிக்குச் சமம். கூரியர் செலவு, பேக்கிங், 'அட்டை மூலை மடங்கியிருக்கே, நூறு குறைச்சுக்குங்க' என்கிற பேரம் எல்லாம் தனி. அலமாரிக்குக் கொடுத்த காசு தனி. 2,400 காரை யார் வாங்கப் போகிறார்? உங்களை மாதிரியே வீடு நிறைய வைத்திருக்கிற இன்னொருத்தர்.

'அப்ப பழைய காரெல்லாம் லட்சக்கணக்கில் போகுதே?' போகிறது. ஏன் போகிறது என்று யோசித்தீர்களா?

1965-ல் கார்கி கம்பெனி ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினைத் தங்கக் கலரில் விட்டது. சினிமாவில் அது வெள்ளிக் கலர். பொம்மைக்கு வெள்ளி பூசினால் பெயின்ட் அடிக்காத மாதிரி தெரியும் என்று தங்கமாக்கினார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் கூரை திறந்து, பக்கத்து சீட்டில் இருக்கிற வில்லன் ஆகாயத்தில் பறப்பான். லட்சக்கணக்கில் விற்றது. அந்த வில்லன் சோபாவுக்கு அடியில், தோட்டத்தில், சாக்கடையில் என்று உலகம் பூராவும் தொலைந்து போனான். பெயின்ட் உதிர்ந்தது. பெட்டி கிழிந்தது. அதனால்தான் வில்லனோடும் பெட்டியோடும் முழுசாக மிஞ்சியதற்கு விலை.

புரிகிறதா? பழைய பொம்மைக்கு அந்த மதிப்பைக் கொடுத்தது பத்திரப்படுத்தினவன் இல்லை. விளையாடி உடைத்த லட்சக்கணக்கான குழந்தைகள். சப்ளையைக் குறைத்தது அவர்கள். இன்றைக்கு உலகம் முழுக்க ஆயிரமாயிரம் பேர் ஒரே காரை, ஒரே மாதிரி, பெட்டி பிரிக்காமல் பூட்டி வைத்திருக்கிறீர்கள். 2050-ல் எல்லோரும் ஒரே சமயத்தில் அலமாரியைத் திறந்தால் அதற்குப் பெயர் அபூர்வப் பொருளா? குடோன் சரக்கு!

இது ஜோசியம் இல்லை, நடந்த கதை. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் 'பீனி பேபீஸ்' என்று துணிப் பொம்மைகள் வந்தன. சில மாடல்களை நிறுத்தி நிறுத்தித் தட்டுப்பாட்டை உண்டாக்கினார்கள். ஜனங்கள் பைத்தியம் பிடித்து வாங்கி, காதில் தொங்குகிற அட்டைக்கு உறை போட்டுப் பாதுகாத்தார்கள். பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று நம்பினவர்கள் உண்டு. 1999-ல் லாஸ் வேகாஸில் விவாகரத்தான ஒரு தம்பதி கோர்ட் தரையில் பொம்மைகளைக் குவித்து, குந்தி உட்கார்ந்து, உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு என்று பிரித்துக்கொண்ட படம் பத்திரிகைகளில் வந்தது. கொஞ்ச நாளில் மார்க்கெட் படுத்தது. அந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றை இன்றைக்குச் சில்லறைக்கு வாங்கலாம்.

கம்பெனிக்காரனுக்கு இந்த மனசு நன்றாகத் தெரியும். ஹாட் வீல்ஸ் 1995-ல் 'ட்ரெஷர் ஹன்ட்' என்று ஆரம்பித்தது. 12 கார், ஒவ்வொன்றிலும் 10,000 மட்டும். 2007-லிருந்து அதிலும் சாதா, சூப்பர் என்று இரண்டு ஜாதி. சூப்பர் என்றால் ரப்பர் டயர், மின்னுகிற பெயின்ட். விலை கடையில் ஒன்றுதான். ஆனால் பெட்டிக்குப் பெட்டி வராது. அப்புறம் என்ன? காலை ஆறு மணி க்யூ, கடைப் பையனுக்கு மாமூல், 150 ரூபாய் கார் வாட்ஸ்அப் குரூப்பில் ஆயிரக்கணக்கில். லாட்டரிச் சீட்டுக்கும் இதற்கும் வித்தியாசம், இதில் சக்கரம் இருக்கிறது.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உலோகத்துக்கும் ஆயுசு உண்டு. இங்கிலாந்தின் 'டிங்கி டாய்ஸ்' 1934-ல் வந்த பிராண்ட். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் செய்த டிங்கி கார்களில் நிறைய, அலமாரியில் வைத்த இடத்திலேயே விரிசல் விட்டு, உப்பி, பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கின்றன. துத்தநாகக் கலவையில் ஈயம் மாதிரி அசுத்தம் துளி கலந்திருந்தால் போதும், உள்ளுக்குள்ளேயே அரிக்கும். 'ஜிங்க் பெஸ்ட்' என்று சொல்வார்கள். மருந்து கிடையாது. யாரும் தொடாமல் பொத்திப் பொத்தி வைத்த காரும் போகும். எப்படியும் போகிற பொருளை ஒரு குழந்தையாவது ஓட்டிவிட்டுப் போகட்டுமே என்றுதான் கேட்கிறேன்.

*

பணக் கணக்கை விட்டுவிடுங்கள், 'இது என் சின்ன வயசு ஞாபகம்' என்று நெஞ்சில் கை வைக்கிறீர்கள். இங்கேதான் எனக்கு நிஜமான சண்டை.

நாஸ்டால்ஜியா என்கிற வார்த்தையை 1688-ல் யோஹான்னஸ் ஹோஃபர் என்கிற சுவிட்சர்லாந்து டாக்டர் உண்டாக்கினார். கிரேக்கத்தில் 'வீடு திரும்புதல்', 'வலி' என்கிற இரண்டு சொற்களை ஒட்டவைத்து. அவருக்கு அது ஒரு நோயின் பெயர். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர் ஞாபகத்தில் சோறு இறங்காது, தூக்கம் வராது. ஊருக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று எழுதினார். 300 வருஷத்தில் அந்த நோய் ஒரு வியாபாரமாகிவிட்டது. நல்ல வியாபாரம்.

ஆனால் ஒரு கேள்வி. திரும்பிப் போக ஆசைப்படுகிற அந்த வீட்டில் உங்களிடம் மேட்ச்பாக்ஸ் கார் இருந்ததா?

எண்பதுகளில் தமிழ்நாட்டில் அது யாரிடம் இருந்தது? துபாயிலோ சிங்கப்பூரிலோ மாமா இருந்த வீட்டில் இருந்தது. பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்க முடிந்த அப்பாவின் வீட்டில் இருந்தது. 1985-ல் எரிந்து போகும் வரை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களோடு சாமானாக எப்போதாவது ஒன்று கிடைத்திருக்கும். வெளிநாட்டுப் பொம்மையை இஷ்டத்துக்கு இறக்குமதி செய்கிற தேசமா அது? நுகர்பொருட்களின் மீதிருந்த அளவுக் கட்டுப்பாட்டில் கடைசிப் பகுதி விலகியதே 2001 ஏப்ரலில்தான். இங்கேயே செய்ததும் உண்டு. டிங்கியின் பழைய அச்சுகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து 'நிக்கி டாய்ஸ்' என்று வார்த்தார்கள். எண்பதுகளில் 'லியோ' பெயரில் ஹாட் வீல்ஸ் இந்தியாவிலேயே வந்தது. அதை வாங்கித் தருகிற வசதி எத்தனை வீட்டில் இருந்தது?

மிச்சப் பேரிடம் இருந்தது என்ன? இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளிய வண்டி. பழைய சைக்கிள் டயரும் ஒரு குச்சியும். திருவிழாக் கடையில் வாங்கி, தேர் நிலைக்கு வருவதற்குள் சக்கரம் கழன்ற பிளாஸ்டிக் பஸ். தீப்பெட்டியில் குச்சி சொருகி, சோடா மூடியைச் சக்கரமாக்கின லாரி. நம்ம ஊர் 'மேட்ச்பாக்ஸ் கார்' அதுதான், நிஜமாகவே தீப்பெட்டியில் செய்தது.

ஆக, நீங்கள் வாங்கிக் குவிப்பது உங்கள் ஞாபகத்தை அல்ல. பக்கத்து வீட்டுப் பையன் கையில் பார்த்ததை. 'ஒரு தடவை ஓட்டிட்டுத் தர்றேன்டா' என்று கெஞ்சி, 'தொடாதே' என்று பதில் வாங்கினீர்களே, அதை. அந்த ஏக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆயுசுக்கும் ஆறாத புண் அது. சம்பாதித்து அதை வாங்கிக்கொள்ளும்போது வருகிற நிறைவு நிஜம்தான். ஆனால் ஐயா, வாங்கினபின் நீங்கள் என்ன ஆகிறீர்கள்? 'தொடாதே' என்று சொன்ன பையனாகிறீர்கள்!

மிகைப்படுத்தவில்லை. வில்லிவாக்கத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் சுவர் முழுக்க அலமாரி, உள்ளே லைட். அவருடைய பையன், ஒண்ணாம் வகுப்பு, எனக்குச் சுற்றிக் காட்டினான். 'இது 69 மாடல் அங்கிள். இது லிமிடெட் எடிஷன்.' மியூசியம் கைடு மாதிரி தெளிவாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. யாரும் அப்போது அவனை அதட்டவில்லை. அதாக அப்படி நிற்கப் பழகிவிட்டான். 'இதுல உன்னுது எதுடா?' என்றேன். 'எல்லாம் அப்பாவுது அங்கிள்' என்றான். அவன் குரலில் வருத்தம்கூட இல்லை.

முப்பது வருஷம் கழித்து அந்தப் பையனுக்கு எதன் மேல் நாஸ்டால்ஜியா வரும், சொல்லுங்கள்? கண்ணாடியின் மேலா?

*

ஞாபகம் என்று ஆரம்பித்த பிறகு இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. 'எண்பதுகளின் இனிய குழந்தைப் பருவம்' என்று எழுதியும் படம் போட்டும் உருகுகிறோம். யாருடைய குழந்தைப் பருவம்?

லண்டன் பள்ளிக்கூடத்துப் பெண்ணின் தீப்பெட்டியிலிருந்து ஒரு பொம்மை பிறந்தது. அதே எண்பதுகளில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி என்றால் குழந்தைகளுக்கு வேறு அர்த்தம். விடிவதற்கு முன்னால் ஃபேக்டரி பஸ் கிராமத்துக்கு வரும். தூக்கக் கலக்கத்தில் ஏறுவார்கள். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. இத்தனை கட்டைக்கு இவ்வளவு பைசா என்று கூலி. ராத்திரிதான் வீடு. எம்.சி. மேத்தா என்கிற வக்கீல் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அபாயத் தொழிலில் இருக்கிற குழந்தைகளை எடுத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். 1996! நம்மில் பல பேர் அப்போது கல்லூரி வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

நாம் ஆசை ஆசையாகத் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம் இல்லையா, புலி, மயில், சாவி என்று? அந்தப் படத்தை ஒட்டினது நம் வயசுக் கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கும் இன்றைக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். அவர் எந்த கடையில் போய் எந்தக் குழந்தைப் பருவத்தை வாங்குவார்?

இதைச் சொல்லிக் கார் வாங்குகிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் வேலை இல்லை. 'அந்தக் காலம் பொற்காலம்' என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். விளையாட நேரமும் பொம்மையும் கிடைப்பது அன்றைக்கும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை, இன்றைக்கும் வாய்க்கவில்லை. 2020-ல் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. தரச் சான்று 2021-லிருந்து கட்டாயம். காரணங்கள் இருக்கலாம். ஆனால் மேஸ்திரி வேலை செய்கிற ஒருத்தர் தன் பையனுக்கு ஒரு குட்டிக் கார் வாங்க 150 ரூபாயை எடுத்துக்கொண்டு வந்தால், அதுவே அவருக்குப் பெரிசு. அந்தக் காரையும் நீங்கள் காலையிலேயே அள்ளிக்கொண்டு போய் 400 ரூபாய்க்கு விற்றால், இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைக்காதீர்கள். பதுக்கல் என்று தமிழில் நல்ல வார்த்தை இருக்கிறது. வெங்காயத்துக்குச் சொல்கிறோமே, அதே வார்த்தை.

*

உங்கள் பக்க வாதங்களையும் கேட்டுவிடுகிறேன்.

'குடிக்கிறோமா, சீட்டாடுகிறோமா? நாலு கார் வாங்குவது தப்பா?' தப்பே இல்லை. ஆபீஸில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவன், குட்டிக் காரை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து மனசு ஆறினால் அதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. நான் சொல்வதும் அதுதானே? உருட்டுங்கள்!

'நாங்கள் சரித்திரத்தைக் காப்பாற்றுகிறோம்.' சிலர் செய்கிறார்கள், அவர்களுக்கு என் சல்யூட். உடைந்த நிக்கி காரைப் பழைய இரும்புக் கடையில் தேடியெடுத்து, பெயின்ட் உரித்து, அச்சு மாற்றி, எந்த வருஷம் எங்கே செய்தது என்று குறித்து வைக்கிறவர் ஆராய்ச்சியாளர். ஆனால் போன மாசம் மலேசியாவிலும் தாய்லாந்திலும் லட்சக்கணக்கில் வார்த்து அனுப்பிய காரில் நாற்பதைப் பூட்டி வைப்பது சரித்திரம் ஆகாது. சரித்திரத்தின் மேல் அவ்வளவு அக்கறை என்றால் அம்பாசடர் 2014-ல் உற்பத்தி நின்றுபோனதே, வண்டலூர்ப் பக்கம் ஃபேக்டரி வைத்திருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியின் ஹெரால்ட் கார் நம் ரோட்டிலிருந்தே மறைந்ததே, அதற்கெல்லாம் உங்கள் அலமாரியில் எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? ஃபேன்சி ஸ்டோரில் 'சென்டி' கம்பெனியின் பிளாஸ்டிக் அம்பாசடரும் ஆட்டோவும் தொங்குகின்றன. பின்னால் இழுத்து விட்டால் ஓடும். 'ஐயே, பிளாஸ்டிக்' என்று நீங்கள்தானே முகத்தைச் சுளிக்கிறீர்கள்?

'குழந்தை உடைச்சிடும் சார்.' உடைக்கும். உடைக்கட்டும். சக்கரம் கழன்றால் ஏன் கழன்றது என்று அச்சைத் திருப்பிப் பார்ப்பான். உங்கள் 150 ரூபாய்க்குக் கிடைத்த முதல் வருமானம் அதுதான்.

*

திட்டிவிட்டுப் போவது சுலபம். என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். நாலே விஷயம்.

ஒன்று: கடையில் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால், முதல் சாய்ஸ் அதற்கு. உங்கள் கையில் ட்ரெஷர் ஹன்ட்டே இருந்தாலும் சரி, குழந்தை அதைப் பார்த்துக் கண் விரித்தால் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு: ஒரே காரில் இரண்டு வாங்குகிற பழக்கம் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பிரியுங்கள். ஒன்றுதான் இருந்தால் அதையே பிரியுங்கள்.

மூன்று: கடை விலைக்கு மேல் விற்காதீர்கள், அப்படி விற்கிறவரிடம் வாங்காதீர்கள். வாங்க ஆளில்லை என்றால் ஆறு மணி க்யூ தானாகக் கலையும்.

நான்கு: உங்களிடம் டூப்ளிகேட் என்று ஒரு அட்டைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கும். எனக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு தொடக்கப் பள்ளிக்குப் போங்கள். மூன்று வயசுக்கு மேல் என்று அட்டையிலேயே போட்டிருக்கும், ஆகவே ரொம்பக் குட்டிப் பிள்ளைகள் கையில் வேண்டாம். ஒண்ணாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் கொடுங்கள். போட்டோ எடுத்துப் போடாதீர்கள். கொடுத்துவிட்டு வாசலிலேயே ஐந்து நிமிஷம் நில்லுங்கள். டுர்ர்ர்ர் என்று வாயாலேயே எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். பெஞ்சு மலையாகும், ஸ்கேல் பாலமாகும், உங்கள் லிமிடெட் எடிஷன் பள்ளத்தில் உருண்டு மூக்கு உடைந்து மறுபடி கிளம்பும்.

அப்புறம் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறங்கள். கத்தரிக்கோல் எங்கே என்று வீட்டம்மாவைக் கேளுங்கள். எதற்கு என்று கேட்டால் சொல்லாதீர்கள். பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு, எது வேண்டும் என்று கேட்டு, அதை அவர்கள் கையாலேயே பிரிக்க விடுங்கள். மனசு பதறும். தாங்கிக்கொள்ளுங்கள். பிரித்த காரைத் தரையில் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். எதிர்ச் சுவரில் போய் 'டக்'கென்று மோதும்.

கார்டு போச்சு, மதிப்புப் போச்சு என்று உள்ளே ஒரு குரல் புலம்பும். அதற்குள் பிள்ளை சொல்லும், 'அப்பா, இப்ப நீ தள்ளு.'

தள்ளுங்க சார்.